மாசா மாசம் வயித்தப் புடிக்குது, என்ன செய்றது?

கேள்வி: அக்கா, மகளுக்கு 14 வயசு, பெரியபுள்ள ஆகி ஒன்றர வருசம். தொடக்கத்துல ஒன்னுமே தெரியல, இப்ப கொஞ்ச மாசமா மொத நாளு வந்தா சுருண்டு படுத்துக்கிறா, வாந்தி வேற, ஸ்கூலுக்கும் போறதில்ல. குளிச குடுக்கலாம்னா எங்க மாமி "வேணவே வேணாம், கர்ப்பப்பைக்கு கூடாது, பொறகு புள்ள தங்காது"ன்னு சத்தம் போடுறாங்க. என்ன செய்ய?
ஒரு தாய், தலவாக்கலை

பதில்: மொதல்ல மாமியோட பயத்த தீர்த்துடுவோம். மாசத்துல ரெண்டு மூனு நாளு வலிக் குளிச போட்டா பின்னாடி புள்ள தங்காமப் போகாதும்மா. இந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தன புள்ளைக மாசா மாசம் பரீட்சையக் கூட விட்டுட்டு லயத்துல குப்புறப் படுத்துக் கெடக்குதுக, அத நெனச்சாத்தான் எனக்கு கோவம் வருது.

வலி எங்கேருந்து வருதுன்னா, கர்ப்பப்பையோட உள்தோல் கழண்டு வர்ற நேரம் அதுல புரோஸ்டாகிளாண்டின்னு ஒன்னு ஊறுது, அதுதான் கர்ப்பப்பைய இறுக்கி இறுக்கிப் பிழியுது, சிலருக்கு அது கூட ஊறும், அவங்களுக்கு வலியும் கூட, வாந்தி வயித்தோட்டம் தலசுத்து எல்லாம் அதோட சேட்டதான். பெரியபுள்ள ஆகி ஆறு மாசம், ஒரு வருசம் போய்தான் இது ஆரம்பிக்கிறதும் வழம, ஏன்னா மொதக் கொஞ்ச மாசம் கருமுட்ட ஒழுங்கா வெளியாகாது. அதனால உங்க மகளுக்கு புதுசா ஏதோ வந்துருச்சின்னு பயப்படாதீங்க.

இப்ப குளிச. எல்லாரும் பெனடோலத்தான் (பாரசிட்டமோல்) எடுத்துக் குடுப்போம், தப்பில்ல, ஆனா இந்த வலிக்கு இபுபுரூஃபன், மெஃபெனமிக் அசிட் மாதிரி குளிசதான் நல்லாக் கேக்கும், அதுக அந்த புரோஸ்டாகிளாண்டின ஊற விடாமத் தடுக்குது. ஊறி முடிஞ்ச பொறகு போட்டா பாதி வேலதான் செய்யும், வாந்தி எடுக்கத் தொடங்கிட்டா குளிச வயித்துல தங்கவும் தங்காது. அதனால ரத்தம் கண்ட ஒடனேயே, இல்ல வலி லேசா தலகாட்டுறப்பவே குடுங்க. இபுபுரூஃபன் 200 மில்லிகிராம் ஒன்னு, பத்தாட்டி ரெண்டு, சாப்பிட்ட கையோட, அடுத்தது ஆறு எட்டு மணித்தியாலம் கழிச்சி, ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல வேணாம், ரெண்டு மூனு நாளோட நிப்பாட்டிறனும். புள்ள ரொம்ப மெலிஞ்சி இருந்தா டிஸ்பென்சரியில அளவு கேட்டுக்குங்க. மெஃபெனமிக்குக்கும் அளவ பார்மசியிலயே கேளுங்க, ஆனா அதையும் இபுபுரூஃபனையும் சேத்துப் போட்றாதீங்க, ரெண்டும் ஒரே குடும்பம், டைக்ளோஃபெனக்கும் அதே குடும்பந்தான். பெனடோல் வேற, அத சேத்துக்கலாம்.

இளைப்பு (ஆஸ்துமா), அல்சர், கிட்னி வருத்தம் உள்ளவங்களும், வயித்துல புள்ள இருக்குமோன்னு சந்தேகம் உள்ளவங்களும் டாக்டரக் கேக்காம இந்தக் குளிசைகளத் தொடாதீங்க. இன்னொன்னு, காய்ச்சல் இருந்தா கண்டிப்பா வேணாம். எங்க பக்கம் குளிருதானே, நுளம்பு எங்கன்னு நெனப்பீங்க, ஆனா கொழும்புல கடையில வேல செய்ற புள்ளைக லீவுக்கு வர்றப்ப டெங்கையும் கூட்டிக்கிட்டு வருதுக, டெங்குல இந்தக் குளிச போட்டா ரத்தக் கசிவு கூடிரும். காய்ச்சல்னா பெனடோல் மட்டும், அதுவும் அளவோட, பொறகு ஆஸ்பத்திரி.

குளிசையோட சூடும் வைங்க. அடிவயித்துல சூடு வச்சா அது சும்மா ஆறுதலுக்கு இல்ல, உண்மையாவே வலி கொறையும். பார்மசியில ரப்பர் பேக் விக்கிறாங்க, இல்லாட்டி பழைய மேஜோட்டுல அரிசியப் போட்டுக் கட்டி தாச்சியில சூடாக்கிக்கலாம். சாராயப் போத்தல்ல கொதிதண்ணி ஊத்துற வேல மட்டும் வேணாம், குளிருக்கு சில்லிட்டிருக்கிற கண்ணாடி டக்குனு வெடிச்சிரும். துணி சுத்தி 20 நிமிசம் வச்சாப் போதும். தலைக்கு ஊத்தக்கூடாது, முட்ட தின்னக்கூடாதுன்னு மாமி சொன்னா அதையும் நீங்க கேக்க வேணாம், சுடுதண்ணியில குளிச்சா நல்லது.

கேள்வி: அக்கா, நான் கொழுந்து எடுக்குறேன். அந்த நாள்ல மலை ஏறவே முடியாது, நின்னுட்டா அரைப் பேருதான், பாதி நாள் சம்பளம். காலையில வெறும் வயித்துல கடைக் குளிச போட்டுட்டுப் போறேன், வலி கொறையுது ஆனா நெஞ்சு எரியுது.
மஸ்கெலியா வாசகி

பதில்: எரியிறது வெறும் வயித்தாலதான் தங்கச்சி. காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாதி ரொட்டியாவது தின்னுட்டு அப்புறம் போடுங்க. கடையில பேர் தெரியாத குளிசய உதிரியா வாங்காதீங்க, பார்மசியில பேரச் சொல்லி வாங்குங்க. அப்பயும் எரிஞ்சா, இல்ல வெளிக்கு கறுப்பாப் போனா, அந்தக் குளிசய விட்டுட்டு டாக்டரப் பாருங்க. மலையில கக்கூஸ் இல்லன்னு காலையில வச்ச பேடோட சாயந்திரம் வரைக்கும் இருக்குறதும் நல்லதில்ல, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காவாவது மாத்தனும்னு எனக்கு எழுதத்தான் முடியும், அதுக்கு ஒரு மறைப்பு கட்டித் தர்றது தோட்டத்தோட பொறுப்பு, சங்கத்துத் தலைவர்கிட்ட நாலு பேரு சேந்து கேளுங்க. ரத்தம் கூடப் போறவங்க சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்காதீங்க, இரும்புச்சத்து ஒடம்புல சேராது, ஒரு மணித்தியாலம் போய்க் குடிங்க.

கேள்வி: இஞ்சி போட்ட பிளேன்டீ வலிக்கு நல்லதா?
பண்டாரவளை வாசகி

பதில்: இஞ்சி கொஞ்சம் கேக்கும், குடிங்க. வெந்தயம், கொத்தமல்லித் தண்ணியாலயும் கெடுதல் இல்ல. ஆனா கடும் வலிக்கு அத மட்டும் நம்பி இருக்காதீங்க.

கேள்வி: எனக்கு 31 வயசு, கல்யாணமாகி மூனு வருசம், புள்ள இல்ல. முன்ன மொத நாளு மட்டும் வலி, இப்ப வர்றதுக்கு நாலஞ்சி நாளுக்கு முன்னயே தொடங்குது, குளிசைக்கும் கேக்கல, அவரோட சேர்ற நேரமும் வலிக்குது. புள்ள பெத்தா சரியாகிரும்னு எல்லாரும் சொல்றாங்க.
பதுளை வாசகி

பதில்: இதுக்கு நான் குளிச சொல்லமாட்டேன், நீங்க வி.ஓ.ஜி. டாக்டரத்தான், அதாவது கர்ப்பப்பை வருத்தம், பிரசவம் பாக்குற டாக்டரத்தான் பாக்கனும். வருசத்துக்கு வருசம் கூடுற வலி, குளிசைக்கு அடங்காத வலி, சேர்றப்ப வலி, புள்ள தங்குறது தாமதம், எல்லாம் ஒன்னா இருந்தா எண்டோமெட்ரியோசிஸ் இருக்கான்னு பாக்கனும். கர்ப்பப்பை உள்தோல் மாதிரி ஒன்னு வெளியில சூலகத்துல, குடல் மேல எல்லாம் வளர்ற வருத்தம் அது, பத்துப் பொம்பளைக்கு ஒருத்தருக்கு இருக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கட்டி, கிருமித் தொற்று மாதிரி வேற காரணமாவும் இருக்கலாம், டாக்டர்தான் பாத்துச் சொல்லனும். ஸ்கேன்ல ஒன்னும் இல்லன்னு சொன்னாலும் வலி இருந்தா திரும்பப் போங்க, ஆரம்பத்துல இது ஸ்கேன்ல தெரியாமலும் இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்ல காசு இல்ல, மிட்வைஃப் மிஸ்கிட்ட கேட்டா எங்க எந்த நாள்னு சொல்லி அனுப்புவாங்க. போறப்ப எந்தத் தேதி வந்துச்சி, எத்தன நாள் வலிச்சிது, என்ன குளிச போட்டீங்கன்னு ஒரு கொப்பியில எழுதிக்கிட்டுப் போங்க, வரிசையில நின்னு உள்ள போனா பாதி மறந்துரும்.

இடையில ஒரு மாசம் தள்ளிப் போய், ஒரு பக்கமா கடும் வலியும் மயக்கமும் வந்தா கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காம 1990 ஆம்புலன்சுக்கு அடிங்க. மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைஞ்சாலும் அப்படித்தான்.