வெளிநாட்டுக் கொள்கை, சர்வதேச வணிக ஆலோசனை இரண்டையும் சேர்த்து ஒரு தொழிலாகச் செய்ய முடியுமா? வன்னியில் படித்தவர் எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் இந்தத் தொழில் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கோட்டும் சூட்டும் தூதுவர் வீட்டு விருந்தும்தான் கண்ணில் தெரிகிறது. அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் பதவி முடிந்து 1982 இல் சொந்த ஆலோசனை நிறுவனம் திறந்த ஹென்றி கிசிஞ்சருக்குப் பெயரே முதல். நம்மிடம் அந்த முதல் இல்லை. வேறொன்று இருக்கிறது.

நான் பூநகரிக்காரன். வவுனியா வளாகத்தில் வணிகம் படித்தேன். கொழும்பில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவில் உள்ளூர் அலுவலராக இருந்துவிட்டு, இப்போது ஏற்றுமதிக் கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். (விசாப் பிரிவில் இருக்கவில்லை. இதை ஊரில் இன்னும் ஒருவரும் நம்பவில்லை.)

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்றது. பேச்சுவார்த்தை நடந்து ஜூலையில் 30, ஆகஸ்டில் 20 என்று இறங்கியது. அந்த மாதங்களில் எங்களிடம் வந்த கேள்வி ஒன்றுதான்: "இது எங்க போய் நிக்கும்? ஓடரை எடுக்கிறதா, விடுறதா?"

அதற்குப் பதில் சொல்ல வாஷிங்டன் என்ன நினைக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. கிளிநொச்சியில் தைக்கிற ஒரு உடுப்பில் கம்பனிக்கு என்ன மிஞ்சுகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் கரையில் நண்டு எப்படி விலை போகிறது என்றும் தெரிய வேண்டும். வாடியில், அதாவது கரையில் மீன் வாங்கும் கொட்டிலில், ஏஜெண்ட் நண்டைப் புரட்டி, அடி ஓட்டைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். அமிழ்ந்தால் சதை குறைந்த தண்ணி நண்டு, விலை பாதி. அமெரிக்காவில் வரி ஏறினால் அங்கே வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார், ஏற்றுமதியாளர் அதை ஏஜெண்டின் தலையில் கட்டுவார், ஏஜெண்ட் பெருவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்துவார். பேச்சுவார்த்தைக்குப் போகிற அதிகாரிக்கும் கம்பனி முதலாளிக்கும் இந்த முழுச் சங்கிலியையும் ஒரே பக்கத்தில் எழுதித் தருகிற ஆள் தேவை. சம்பளம் அதற்குத்தான்.

வன்னியில் வளர்ந்தவருக்கு, ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடுகிற ஜெனீவா என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கும் தையல் மெஷினுக்கும் உள்ள தொடர்பைப் பலர் பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகை மனித உரிமை, தொழிலாளர், சுற்றாடல் என்று 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது. இலங்கை அதை 2010 ஆகஸ்டில் இழந்தது, 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. 2015 இல் ஐரோப்பா இலங்கை மீனையே நிறுத்தியது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பது காரணம், தடை நீங்கியது அடுத்த ஆண்டு.

சரி, வழி. வெளிநாட்டுச் சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சை இருக்கிறது. பட்டம் வேண்டும், எடுப்பது சில பேரைத்தான், ஆங்கிலம் இல்லாமல் நடக்காது. முயன்று பாருங்கள், ஆனால் அதையே நம்பி வருடங்களைக் கழிக்காதீர்கள். நான் சொல்வது வர்த்தகத் திணைக்களம். வர்த்தக உடன்படிக்கைகளைப் பேசுவதும், தூதரகங்களுக்கு வர்த்தக அதிகாரிகளை அனுப்புவதும் அவர்கள்தான். நம் பக்கத்தில் அதை நினைப்பவர்கள் குறைவு. அங்கே சில வருடம் இருந்துவிட்டு ஆலோசனைப் பக்கம் வந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு வேறு. சிங்களமும் படியுங்கள், கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தாலும் முடிவு தேநீர் வேளையில் சிங்களத்தில்தான் வரும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம்: அரச சேவையில் இருந்தபோது கையாண்ட அதே கோப்புக்கு வெளியே வந்து கம்பனியிடம் காசு வாங்காதீர்கள். கொழும்பு சின்ன ஊர்.

இன்னும் பல்கலைக்கழகத்தில் இருந்தால், உங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போகிற ஒரு பொருளை எடுங்கள். பதப்படுத்திய நண்டுக்குச் சுங்கக் குறியீடு 1605.10. அதை வைத்து எந்த நாடு என்ன வரி போடுகிறது, என்ன சான்றிதழ் கேட்கிறது என்று தேடி இரண்டு பக்கம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த மாதிரி ஒரு தாளைத்தான். பெரும்பாலானவர்கள் சான்றிதழ்க் கோவையை நீட்டுகிறார்கள்.