ஐந்து வீதம் கழித்தால் வரி தீர்ந்துவிடுமா?

பொகவந்தலாவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஹட்டன் பக்கத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் மருத்துவ உத்தியோகத்தர். மேலதிக நேரக் கொடுப்பனவும் சேர்த்து மாதம் ஏறத்தாழ 250,000 ரூபா வருகிறது. இப்போது நுவரெலியாவில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் சனிக்கிழமை இரவுகளில் கடமை பார்க்க அழைப்பு வந்திருக்கிறது. ஓர் இரவுக்கு 12,000 ரூபா. அழைத்தவர் அந்த நிலையத்தின் ஆள் அல்ல, இடையில் நின்று வைத்தியர்களை ஒழுங்குபடுத்தித் தருபவர். "ஐந்து வீதம் வரி நானே கழித்துக் கட்டிவிடுவேன், அத்தோடு வரிப் பிரச்சினை முடிந்தது. வேண்டுமென்றால் பணத்தை அப்பாவின் கணக்கில் போடலாம்" என்று சொல்கிறாராம். இது சரியா என்பதுதான் கேள்வி.

சரியில்லை, ஐயா. அவர் சொன்ன மூன்றுமே சரியில்லை.

அதற்கு முன் ஒரு வார்த்தை. அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்ப்பதற்குத் தடையில்லை. பல்லாண்டு நடைமுறை அது. உள்ளகப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டும் அது கிடையாது, உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். தன் வைத்தியசாலை எந்நேரமும் அழைக்கலாம் என்ற முறையில் பெயர் போடப்பட்ட இரவில் அவர் நுவரெலியாவில் இருக்கக்கூடாது, சுகவீன விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போய் நிற்கவும் கூடாது. இந்த இரண்டில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி அந்த ஐந்து வீதம். வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி போன்றவர்களுக்குச் சேவைக் கட்டணம் கொடுப்பவர், அந்தக் கட்டணம் மாதத்துக்கு 100,000 ரூபாவைத் தாண்டினால், ஐந்து வீதத்தை நிறுத்திவைத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விதி. உங்கள் மகளுக்கு நான்கு இரவுக்கு 48,000 ரூபா. 100,000ஐத் தொடவே இல்லை. கழிக்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் ஒருவர் மாதாமாதம் 2,400 ரூபாவை "வரி" என்று எடுத்தால், ஆண்டுக்கு 28,800 ரூபா. அது எங்கே போகிறது? திணைக்களத்துக்குப் போயிருந்தால் அதற்கு நிறுத்திவைத்தல் சான்றிதழ் இருக்கும். என்னிடம் வரும் இளம் வைத்தியர்களிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைக் காட்டுகிறார்கள், அதில் தொகை எழுதியிருக்கும், வரி இலக்கம் இருக்காது. தரகுப் பணம் எடுப்பது அவர் தொழில், அதை நான் குறை சொல்லவில்லை. அதைத் தரகு என்று சொல்லட்டும். வரி என்று பெயர் வைத்துப் பறிக்க வேண்டாம்.

இந்த 100,000 ரூபாக் கோட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள் என்பதால் கொஞ்சம் நின்று விளக்குகிறேன். ஒரு மாதத்தில் மகள் ஒன்பது இரவு போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 108,000 ரூபா. கழிவு அந்த மேலதிக 8,000க்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும். அதாவது 5,400 ரூபா. இரண்டு வெவ்வேறு நிலையங்களில் 60,000 வீதம் வாங்கினால் இருவருமே கழிக்கத் தேவையில்லை. ஒரே நிலையம் 108,000ஐப் பாதி மகளின் பெயரிலும் பாதி அப்பாவின் பெயரிலும் எழுதினால் அது ஏமாற்று, கணக்கு அல்ல. எப்படிப் பார்த்தாலும் இந்தக் கோடு, கொடுப்பவர் கழிக்க வேண்டுமா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. வாங்குபவருக்கு வரி உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை. "கழிக்கவில்லை, ஆகவே வரி இல்லை" என்று நினைத்தவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து வியர்வையோடு என் படியேறுகிறார்கள்.

உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபா விடுபடுகிறது. அதற்கு மேல் முதல் 1,000,000க்கு 6 வீதம், அடுத்த 500,000க்கு 18, அதற்கடுத்த 500,000க்கு 24, பிறகு 30, 36 என்று ஏறும். அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 3,000,000. வரிக்கு உட்படுவது 1,200,000. அதற்கான 96,000 ரூபாவைச் சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவுகளின் 576,000 இதற்கு மேல் ஏறி உட்காரும்: 300,000க்கு 18 வீதம், மீதி 276,000க்கு 24 வீதம். 120,240 ரூபா! ஐந்து வீதம் எங்கே, இது எங்கே? முறையாகக் கழிக்கப்பட்ட ஐந்து வீதம்கூட முற்பணம்தான், முடிவான வரி அல்ல. மாதம் 10,000 ரூபாவை அந்தப் பணத்திலிருந்து எடுத்துத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கட்டுவது ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நான்கு தவணைகளில். மிச்சமிருந்தால் செப்டெம்பர் 30. ஆண்டு வருமானத்தைக் காட்டும் வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டும். இதையெல்லாம் கணினியில் செய்யலாம் என்பார்கள். செய்யலாம், அந்தத் தளம் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து. கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது; போன வருடமும் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதை வாசித்துச் சொல்லக் கீழ்க்கடை முதலாளியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் நான் இதைப் பிழைப்பாகச் செய்பவன். மலையகத்தில் இரவு முழுக்க விழித்திருந்த ஒரு வைத்தியப் பிள்ளை என்ன செய்யும்? தரகரைத்தான் நம்பும். தரகர்களை வளர்ப்பதே இந்த முறைதான்.

அப்பாவின் கணக்கு என்ற யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். உழைத்தவர் மகள், வருமானம் மகளுடையது. பணம் யார் கணக்கில் விழுந்தாலும் அது மாறாது. நாளைக்கு விசாரணை வந்தால் ஓய்வூதியக்காரரான நீங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும்.

மகள் கையொப்பம் வைக்கும் முன் அந்த நிலையத்தோடு நேரே பேசட்டும். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்ய வேண்டியவை. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கட்டணம் நிலையத்தின் கணக்கிலிருந்து நேரே மகளின் கணக்குக்கு வரவேண்டும், தரகுக்குத் தனிப் பற்றுச்சீட்டு வேண்டும், எதைக் கழித்தாலும் சான்றிதழ் வேண்டும். ஞாயிறு காலையில் ஹட்டன் வைத்தியசாலையில் கடமை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமில்லாத கண்ணோடு, நானுஓயா மூடுபனியில், ரதல்ல குறுக்கு வீதியில் இறங்குவதற்கு 12,000 ரூபா போதாது.

தரகர் இவற்றுக்கு மழுப்பினால் நிலையத்தின் கணக்காளருடைய தொலைபேசி இலக்கத்தைக் கேளுங்கள். அதையும் தராவிட்டால் மகள் சனிக்கிழமை இரவு வீட்டில் தூங்கட்டும்.