மேற்கோள் மேலாண்மை மென்பொருள் என்றால் என்ன? அறிக்கை எழுத அது ஏன் தேவை?

அறிக்கைக்காகப் படித்த நூல், கட்டுரை, இணையப் பக்கம் எல்லாவற்றின் விவரங்களையும் சேமித்து வைத்து, எழுதும்போது கேட்ட இடத்தில் மேற்கோள் குறிப்பையும் கடைசியில் நூற்பட்டியலையும் தானே போட்டுத் தரும் மென்பொருள் இது. ஸோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. 2006இல் வந்த ஸோட்டெரோ இலவசம். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே போதும் என்பேன்.

ஏன் தேவை? பொறியியலில் புழங்கும் ஐஈஈஈ (IEEE) பாணியில் மேற்கோள்களுக்கு வரிசை எண் உண்டு. [3]-க்கு முன்னால் புதிதாக ஒன்றைச் செருகினால் அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் மாறும். கையால் திருத்தினால் எங்கோ ஒன்று தப்பிவிடும். மென்பொருளோ வேர்டில் வெறும் எழுத்தைப் பதிப்பதில்லை. சேமித்த பதிவோடு ஓர் இணைப்பை வைக்கிறது. கைபேசியில் பெயரைத் தொட்டு அழைப்பது போலத்தான்: எண் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். திடீரென்று, எண்ணுக்குப் பதில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் ஏபிஏ (APA) பாணிக்கு மாற்றச் சொன்னாலும் சில நொடி வேலை. (குறிப்பின் மேலேயே தட்டச்சு செய்து திருத்தாதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துபோகலாம்.)

மென்பொருள் போட்டதெல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை: இணையத்திலிருந்து இழுத்த பதிவில் ஆண்டு விடுபட்டிருந்தாலோ, இனிஷியல் போய்க் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருந்தாலோ, பட்டியலிலும் அப்படியேதான் வரும்.