எடை குறையவில்லை என்று ஆறுதல் அடைய வேண்டாம்

மகளுக்கு முடி உதிர்வது, சில நாள் இரவு உணவைத் தவிர்ப்பது, கண்ணாடி முன் நெடுநேரம் நிற்பது என்று இரண்டு பக்கங்களுக்கு எழுதிவிட்டு, ‘சாப்பிட்ட கையோடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள், ஆனால் எடை குறையவில்லை’ என்று கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அஞ்சுவது அந்த வரிக்குத்தான் என்பதால், அதற்கே பதில் சொல்கிறேன்.

முடி உதிர்வுக்குக் காரணங்கள் பல. 16 வயதில் கண்ணாடி முன் நிற்பது நோயாகாது. ஆனால் ஒவ்வொரு முறை உண்டு முடித்ததும் கதவு சாத்தப்படுவதும், தண்ணீர்ச் சத்தத்தில் வேறு சத்தம் அமுங்கிப்போவதும், அளவு மீறி உண்டுவிட்டு, உண்டதை வலிய வாந்தியெடுத்து வெளியேற்றும் ‘புலிமியா’ என்ற உண்ணுதல் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். இதில் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதால்தான், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கே பல மாதங்கள் தெரியாமல் போகிறது. விரல் முட்டிகளின் மேல் பல் பட்டுப் பட்டுத் தோல் காய்த்துப்போகலாம். காதுக்குக் கீழே இரு கன்னங்களும் உப்பலாம். மேல்வரிசைப் பற்களின் உட்புறம் அமிலத்தால் தேய்ந்திருப்பதைப் பல் மருத்துவர், மற்ற மருத்துவர்களான எங்களுக்கு முன்பே கண்டுபிடிப்பதும் உண்டு. இவை எதுவுமே இல்லாமலும் நோய் இருக்கலாம் என்பதால், அவள் கையைப் பிடித்துச் சோதனை போட வேண்டாம்.

நாங்கள் அஞ்சுவது பொட்டாசியத்தைப் பற்றித்தான். இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய இந்த உப்பு, தொடர் வாந்தியாலும் பேதி மாத்திரைகளாலும் வெகுவாகக் குறைந்தால், இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடும். மயக்கம், படபடப்பு, கைகால் தளர்ச்சி, வாந்தியில் இரத்தம், உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், மறுநாள் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவரும் பசி மருந்தை இன்றே நிறுத்துங்கள். அவளுக்குக் குறைவது பசியன்று. அளவு மீறி உண்டுவிட்டோமே என்ற பதற்றத்தில் துடிப்பவளுக்கு மேலும் பசியைத் தூண்டுவது, எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும். இணையத்தில் பத்துக் கேள்விகளுக்கு விடை தட்டி வாங்கிய ‘அபாயம்’ என்ற தீர்ப்பையும் இணைத்திருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வாரமே பொது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிட்டு, முடிவுகள் இயல்பாக வந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த வயதில், பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு அளிக்கும் உளவியல் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

அதுவரை குளியலறையைப் பூட்டுவதோ கதவைத் தட்டுவதோ கூடாது. சாப்பாட்டு வேளை அல்லாத நேரத்தில், எடையைப் பற்றியே பேசாமல், நீங்கள் கவனித்ததை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் சென்றால், சற்று நேரம் அவளைத் தனியே பேச விட்டு வெளியே அமர்ந்திருங்கள். நாளுக்கு எத்தனை முறை என்ற கேள்விக்கு, அம்மா அறையில் இருக்கும்வரை சரியான விடை கிடைப்பது அரிது.