செங்கோட்டை: தினசரி மழைச் சராசரியில் ஜூலை 14 மட்டும் துருத்துகிறது

செங்கோட்டையின் 1991–2020 மழைப் பதிவிலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் சராசரி எடுத்துக் கோடு வரைந்தால் ஜூலை 14 மட்டும் ஏன் துருத்துகிறது என்பது கேள்வி. மழைக்கு அந்தத் தேதியின் 30 ஆண்டு மதிப்புகளை மட்டும் கூட்டி வகுத்தால் கோடு குதிக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் 14 நாள் சேர்த்து, 29 நாள் சராசரி எடுங்கள். அப்புறம் ஒரு மாதத்து நாட்களின் சராசரிகளைக் கூட்டினால் அந்த மாதத்தின் சராசரி மொத்த மழையோடு பொருந்துமாறு சரிக்கட்டுங்கள். வெப்பநிலை இவ்வளவு குதிக்காது. அதற்குக் குறைவான நாட்களே போதும்.

ஜூலை 14-க்குக் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு வருடத்துக் கனமழை. 1991–2020-இல் அந்தத் தேதியில் ஒரே ஒரு முறை 150 மி.மீ. கொட்டியிருந்தாலும் சராசரி 5 மி.மீ. ஏறிவிடும். 30 மதிப்புகளையும் வரிசைப்படுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

29 நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். ஜூனில் சாரல் தொடங்கும் ஏற்றமே மழுங்கிப் போகும். பதிவில்லாத நாளை 0 என்று நிரப்பியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.