முதல் அடியில் நடுங்கும் கையும் சிரிப்பு வராத கதையும்

அன்புள்ள டாக்டருக்கு,

மதுரை மாசி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். நகைச்சுவைக் கதைகளும் எழுதுவேன். சில வருடங்களாக மலையில் ஒரு கிளப்பில் கோல்ஃப் ஆடுகிறேன். அங்கே தாத்தா காலத்திலிருந்து உறுப்பினராக உள்ள எஸ்டேட் குடும்பத்தார் ஒரு பக்கம், கீழேயிருந்து வரும் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஒரு பக்கம். முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் மேடையில், நான் நின்றாலே எஸ்டேட்காரர் ஒருவர், "அண்ணாச்சி, தராசு பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கை நடுங்கும், பந்து பத்தடி உருண்டு நின்றுவிடும். என் ஹேண்டிகேப், அதாவது ஆட்டத்தில் சலுகையாகக் கிடைக்கும் அடிகளின் எண்ணிக்கை, 24; நன்றாக ஆடும் அவருக்கு 10.

இதையே கதையாக எழுதினேன். கடைக்காரர் ஜெயிக்கிறார், எஸ்டேட்காரர் குட்டையில் விழுகிறார். ஆட்டக்காரரின் பை தூக்கும் கேடிப் பையன் தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசிச் சிரிக்க வைக்கிறான். என் மனைவி படித்துவிட்டு, "என்னங்க, இதுல சிரிப்பே இல்ல, கோவந்தான் இருக்கு" என்றாள். அது மனதை அரிக்கிறது. நடுக்கம் போக என்ன வழி? கதையைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா?

— பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் நடுக்கம். அது சீக்கிரம் சரியாகக்கூடியது. பழகிப்போன அசைவை உடம்பு தானாகவே செய்துவிடும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் மனம் குறுக்கே வந்து, அதைத் தானே நடத்தப் பார்க்கிறது. பிடி இறுகுகிறது, தோள் காதுப்பக்கம் ஏறுகிறது, மட்டையை அவசரமாகப் பின்னால் இழுக்கிறீர்கள். மட்டை பந்தின் உச்சியில் பட்டு, பந்து தரையோடு உருளுகிறது. தராசுக் கேலி நேராக உங்கள் கையைப் பற்றியது என்பதால் கவனமும் கைக்கே போகிறது.

கவனத்துக்கு வேறு வேலை கொடுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று, அது போக வேண்டிய கோட்டில் ஓரடி தள்ளி ஒரு காய்ந்த இலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். ஒத்திகை வீச்சு ஒன்று போதும். பந்தருகே வந்து, இலையை ஒருமுறை பார்த்து, அடித்துவிடுங்கள். இறுகப் பிடிப்பது பத்து என்றால் உங்கள் பிடி நான்கில் இருக்கட்டும். முதல் அடிக்கு டிரைவர் என்ற நீள மட்டையைத்தான் எடுக்க வேண்டும் என்று விதி இல்லை. ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை எடுங்கள். தூரம் குறையும், ஆனால் பந்து எளிதாக எழும்பும், பக்கவாட்டில் ஓடுவதும் குறையும். இதே வரிசையை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பந்தை வைத்துத் தினமும் பதினைந்து முறை செய்யுங்கள். பாதி நாள் வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் நின்று பேசச் சொல்லுங்கள். பேச்சு காதில் விழ விழ அடித்துப் பழகுவதுதான் இதில் முக்கியம். டம்ளர் பிடிக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் நடுங்கினால் அது வேறு விஷயம். தைராய்டு முதலியவற்றை ஒரு மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

இனி கதை. உங்கள் மனைவி சொன்னது சரி. அதில் கடைக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத ஆளை வைத்து எப்படிச் சிரிக்க வைப்பது? அவமானம் ஆறாதபோது நாம் நமக்கே வக்கீலாக இருந்து எழுதுவோம். குட்டையில் யாரும் விழலாம், அதில் அந்த எஸ்டேட்காரரின் குணம் எங்கே தெரிகிறது?

ஹேண்டிகேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 20 ஸ்கோர்களை மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்து, அவற்றில் சிறந்த 8-இன் சராசரியை எடுப்பதுதான் 2020 முதல் நடைமுறை. நீங்கள் சொன்ன எண்கள் அந்த மைதானத்துக்கு உரியவை என்றால், நேருக்கு நேர் ஆட்டத்தில் மிகக் கடினமான 14 குழிகளில் அவர் உங்களுக்கு ஒவ்வோர் அடி விட்டுத்தர வேண்டும். 10 என்று சொல்லிக்கொள்வது கௌரவம், அதுவே மேட்சில் சுமை. கௌரவத்துக்காக நல்ல ஸ்கோரை மட்டும் பதிபவர் மேட்சில் தோற்பார். கோப்பைக்காக நல்ல ஸ்கோரை மறைப்பவரும் உண்டு. அந்தக் கள்ளக்கணக்கை உங்கள் கடைக்காரருக்குக் கொடுத்துப் பாருங்கள். கதை உடனே எழுந்து நிற்கும்.

அதைவிட எனக்கு உறுத்தியது கேடி. 1829-இல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் கிளப் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த ஆட்டத்தோடு மேல்-கீழ் ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்களை எஸ்டேட்காரர் எந்தக் கண்ணால் பார்த்தாரோ, அதே கண்ணால் நீங்கள் அந்தப் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் வலித்தாலும் யோசியுங்கள். இவ்வளவு புண்பட்ட உங்களுக்கு அவன் நிலை புரியாமல் போகாது.

மலை மைதானத்தில் காட்டெருமை வருமே. ஃபேர்வே என்ற வெட்டிய புல்வெளியில் எஸ்டேட்காரரின் பந்தை ஒட்டிச் சாணி கிடக்கட்டும். விதிப்படி விலங்கின் சாணியை அபராதம் இல்லாமல் அகற்றலாம், ஆனால் அகற்றும்போது பந்து நகர்ந்தால் ஓர் அடி அபராதம், பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். கையை அழுக்காக்க மனமில்லாமல் அவர் கேடியை ஏவுகிறார். பந்து அரை அங்குலம் நகர்கிறது. கேடி செய்தாலும் அபராதம் ஆட்டக்காரருக்குத்தான். விதியை நன்றாக அறிந்த அந்தப் பையன், "ஐயா, நான் எடுக்கவா, நீங்களே எடுக்கிறீங்களா?" என்று முன்பே கேட்டிருந்தால்? பதிலுக்காக அவன் குனிந்தபடி காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தை நிதானமாக எழுதுங்கள். அடுத்த குழியில் கடைக்காரரின் பந்தருகேயும் சாணி கிடக்கட்டும். அவர் யாரை ஏவுகிறார் என்று பார்ப்போம்.

இப்போதுள்ள வடிவில் கதையை அனுப்ப வேண்டாம். மாற்றி எழுதியபின் அனுப்புங்கள். அதற்குமுன் கிளப்பின் அடையாளத்தையும் அந்தத் தராசு வசனத்தையும் எடுத்துவிடுங்கள். அதைச் சொன்னவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டால் அடுத்த ஆட்டத்தில் பேச்சு கதையைப் பற்றியே இருக்கும், மொட்டை மாடியில் பழகியதெல்லாம் வீணாகும்.