அட்வான்ஸ் வாங்கினால் அடிமையா? கட்டாய உழைப்பு பற்றிய கேள்வி பதில்

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். கட்டாய வேலை, கடன் மிரட்டல், மிரட்டி வாங்கிய கையெழுத்து பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

திருத்தணி வாசகர்: எங்கள் ஊர்ப் பக்கம் செங்கல் சூளையில் ஒரு குடும்பம் கல் அறுக்கிறது. பூட்டியெல்லாம் வைக்கவில்லை. சந்தைக்குப் போய்வருகிறார்கள், கையில் போன் இருக்கிறது. இவர்களைக் கொத்தடிமை என்று சொல்ல முடியுமா?

முடியும். பூட்டைத் தேடாதீர்கள். "நாளைக்கு வேற இடத்துக்கு வேலைக்குப் போறேன்" என்று அவர்கள் சொன்னால் என்ன நடக்கும் என்று விசாரியுங்கள். 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். முன்பணம் வாங்கி, அதற்கு ஈடாக வேலை செய்கிறார்; அதனால் கூலியே இல்லை அல்லது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கிடைக்கிறது, அல்லது வேறு வேலைக்குப் போக முடியவில்லை, அல்லது நினைத்த இடத்துக்குப் போய்வர முடியவில்லை, அல்லது தன் உழைப்பையும் விளைந்ததையும் சந்தை விலைக்கு விற்க முடியவில்லை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலே போதும்.

சூளையில் இது எப்படி நடக்கிறது என்றால், மழைக்காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாத நேரம் பார்த்து சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆனால் வாரா வாரம் கைக்கு வருவது சாப்பாட்டுச் செலவுக்கான காசு மட்டும்தான், கணக்கு சீசன் முடிவில்தான் பார்ப்பார்கள். அந்த நோட்டு முதலாளியிடம் இருக்கும். கணவன், மனைவி, சில இடங்களில் பிள்ளைகளும் சேர்ந்து அறுத்த கல் ஒரே பெயரில் ஏறும். கடைசியில் "இன்னும் பாக்கி இருக்கு, அடுத்த வருஷமும் வா" என்பார்கள். சந்தைக்குப் போகிறார்கள் என்றீர்களே, குடும்பத்தோடு போகிறார்களா என்று பாருங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் சூளையில் நிறுத்திவைத்து ஒருவரை மட்டும் அனுப்புவது பல இடங்களில் நான் பார்த்த வழக்கம்.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்வேன்: கொத்தடிமையில் இருந்து மீட்கப்பட்டவர்கள் என்று கோட்டாட்சியர் எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் கைக்கு வராமல் அவர்களை ஊருக்கு அனுப்பாதீர்கள்.

கோவை மென்பொருள் ஊழியர்: கம்பெனியில் இரண்டு வருட பாண்டு (இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) போட்டு, அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இதுவும் கொத்தடிமைதானா?

இல்லை, அந்தச் சொல்லை இங்கே கொண்டுவராதீர்கள். பாண்டு எல்லாமே செல்லாது என்றும் இல்லை. 2025-ல் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனையை ஏற்றிருக்கிறது. சான்றிதழைப் பிடித்துவைப்பது வேறு விஷயம். திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகி: அப்பா "நீ கையெழுத்துப் போடலைன்னா தூக்கு மாட்டிக்குவேன்" என்று சொல்லி, என் பங்குச் சொத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிவிட்டார். அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. இது செல்லுமா?

மிரட்டவில்லை என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களே அம்மா. இதே போன்ற வழக்கு 1917-லேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு கணவர், தற்கொலை செய்துகொள்வேன் என்று சொல்லி, தன் சகோதரருக்குச் சாதகமாக மனைவியிடமும் மகனிடமும் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். பெரும்பான்மை நீதிபதிகள் அது வற்புறுத்தல்தான் என்றார்கள், ஒரு நீதிபதி மாறுபட்டார். அதற்கும் முன்னால், 1889-ல், 13 வயது விதவைப் பெண் ஒருத்தி; கணவனின் உடலை எடுக்கவிட மாட்டோம் என்று உறவினர்கள் நின்று, ஒரு பையனைத் தத்தெடுக்க வைத்தார்கள். சென்னை நீதிமன்றம் அந்தத் தத்தை ஏற்கவில்லை. பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையிடம் வாங்கும் சம்மதத்தை என்னவென்று சொல்வது!

உங்கள் பத்திரம் தானாகவே செல்லாமல் போகாது. நீங்கள்தான் வழக்குப் போட்டு ரத்து செய்ய வேண்டும், அதற்குக் காலவரையறையும் உண்டு. இந்த வாரமே ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

விழுப்புரம் வாசகர்: முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் விடுவிப்பார்களா?

இல்லை. சட்டப்படி கொத்தடிமைக் கடன் அழிந்துவிட்டது, வசூலிக்க சிவில் வழக்கும் போட முடியாது. அழிந்த கடனுக்குப் பணம் வாங்கினாலே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. ஊர்க்கூட்டம் போட்டு, பாதியைக் கட்டி, ஆளைக் கூட்டிப் போகும் சமரசம் வேண்டாம்.

சூளை நடத்தும் குடும்பம்: ஒருதலையாகப் பேசுகிறீர்கள். 60,000 கொடுக்காமல் ஒரு ஜோடியும் வருவதில்லை. வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறவர்களை என்ன செய்வது? யாரும் அவர்கள் கையை முறுக்கிப் பணம் கொடுக்கவில்லை.

உங்கள் பணம் போவது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் முன்பணம் கொடுப்பதும், அதைச் சொல்லி ஆளைப் பிடித்துவைப்பதும் ஒன்றல்ல. ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? கணவன் மனைவி இருவரும் விடியற்காலையில் இருந்து அறுத்ததைத் தலைக்கு நாளுக்கு என்று பிரித்தால் குறைந்தபட்சக் கூலி வருகிறதா?

அதே குடும்பம்: பீஸ் ரேட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பொருந்தும். ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்றது.

திருச்சி வாசகர்: சூளைக்காரர் கேட்டது நியாயம்தானே? விரும்பித்தானே வந்தார்கள்?

அதே தீர்ப்பு இதற்கும் பதில் சொல்லியிருக்கிறது. அடி உதை மட்டும் கட்டாயம் அல்ல, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஆக்கினால் அதுவும் கட்டாயம்தான். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குப் பட்டா கிடையாது, சாதிச் சான்றிதழ் கிடையாது. வங்கி அவர்களுக்குக் கடன் தராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்க இருக்கும் ஒரே ஆள் மேஸ்திரி. நீங்கள் "விருப்பம்" என்று சொல்வது அந்த நேரத்தில் பிறந்ததுதான்.

அதே குடும்பம்: அப்படியென்றால் கடன் வாங்கி வேலை செய்யும் எல்லோருமே கொத்தடிமையா? நிரூபிக்க வேண்டாமா?

எல்லோரும் இல்லை, முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு, சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, கடன் கொடுத்தவருடையது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? வாரா வாரம் கூலியைக் கணக்கு முடித்து வங்கியில் போட்டு, போக நினைத்தவரைப் போகவிட்டால் உங்கள் மேல் யாரும் கைவைக்க முடியாது. இந்தச் சட்டத்தில் அபராதம் 2,000 ரூபாய் வரைதான், 1976-ல் வைத்தது. அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சென்னை மாணவர்: வரி வாங்குவதும் போலீஸ் வைத்திருப்பதும் கட்டாயம்தானே? அரசே பலவந்தத்தால்தானே நிற்கிறது?

நல்ல கேள்வி, என் துறை இல்லை. அரசியல் தத்துவம் படித்தவர்களிடம் கேளுங்கள்.

ஈரோடு வாசகி: வசூலுக்கு வருகிறவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்துகிறார்கள்.

தனியார் வட்டிக்காரர் என்றால் 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. போலீஸில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெற்றுத்தாளில், வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடலூர் வாசகர்: அட்வான்ஸைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

ஓசூர் வாசகர்: மேஸ்திரிக்குத்தான் கடன் என்றால் கட்ட வேண்டுமா?

இது மூன்றாவது தடவை. மேஸ்திரி ஆனாலும் முதலாளி ஆனாலும், கொத்தடிமைக் கடன் என்றால் வேண்டாம். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு தன்னார்வலர்: ஒடிசா குடும்பங்கள் நான்கு எங்களிடம் வந்திருக்கின்றன, பயந்துபோயிருக்கிறார்கள். இன்றிரவு ரயிலில் ஏற்றிவிடட்டுமா?

ஏற்றாதீர்கள். எங்கே வேலை செய்தார்களோ அந்த இடத்துக் கோட்டாட்சியரிடம் முதலில் மனு கொடுங்கள். முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தார், எந்த மாதம் வந்தார்கள், வாரம் என்ன கிடைத்தது, போகிறேன் என்றபோது என்ன சொன்னார்கள் என்பதை ஒவ்வொருவரின் வாக்குமூலமாக எழுதுங்கள். ஒடியா தெரிந்த ஒருவர் அவசியம் வேண்டும், சூளை ஆளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள், ஆண்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். சான்றிதழ் இருந்தால் 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு, தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மீதி மறுவாழ்வுத் தொகை, ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், கொடுமையான நிகழ்வுகளில் மூன்று லட்சம், இதையெல்லாம் தண்டனையோடு கட்டிவைத்திருக்கிறார்கள், அது பெரிய அநியாயம். ஆனாலும் சான்றிதழ் இல்லாமல் போனால், சொந்த மாவட்டத்தில் அந்தத் தொகையைக் கேட்கவே வழியில்லை. அடுத்த மழைக்கு மேஸ்திரி மறுபடி அந்த வாசலுக்குத்தான் வருவார். இன்றிரவு தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்யுங்கள், காலையில் அலுவலகம் திறக்கும்போது வாசலில் நில்லுங்கள்.